காற்றில்லா டயரில் நெடும்பயணம்: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

பம்பு, டயர் லீவர், மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் எதுவும் வேண்டாம் என்பதுதான் சைக்கிளுக்கான காற்றில்லா டயர், அதாவது உள்ளே காற்றுக்குப் பதில் ரப்பர் போன்ற பாலிமரே நிறைந்த டயர், காட்டும் பெரிய ஆசை. முள்ளும் கண்ணாடித் தூளும் கிடக்கிற சாலையில் அந்த ஆசை நியாயமானது. ஆனால் பின் கேரியரில் 20 கிலோ மூட்டை ஏற்றிப் பல நாள் ஓட்டுபவர்களுக்கு, பஞ்சர் தொல்லை போய் ஸ்போக் தொல்லை வந்து சேரும்.

முதலில் அளவு. டயரின் பக்கவாட்டில் 32-622 என்று இருந்தால், 32 அகலம், 622 ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இங்கே அது போதாது. ரிம்மின் உள்ளகலத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். பல காற்றில்லா டயர்களை ரிம்மோடு பிணைப்பவை குறுக்கே செருகும் பிளாஸ்டிக் முளைகள்தாம். முளை குட்டையாக இருந்தால் வளைவில் டயர் நழுவும். நீளமாக இருந்தால் ரிம்முக்குள் இறங்காது. எதிரெதிரே நான்கு இடங்களில் டயரைக் கட்டி நிறுத்திவிட்டு, முளைகளை ஒவ்வொன்றாக உள்ளே அழுத்துங்கள். முதல் முறை செய்பவருக்கு விரல் வலிக்கும், நேரமும் பிடிக்கும். பயணத்துக்கு முந்தைய இரவில் தொடங்காதீர்கள்.

சாலையில் முதலில் தெரிவது மிதிப்பதில் கனம். அமுங்கிய காற்று, வாங்கிய சக்தியைப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும். பாலிமரோ அதில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். அரை மணி நேர ஓட்டத்தில் அது பெரிதாகத் தெரியாது, ஆறு மணி நேரம் மிதித்தால் கால் சொல்லிவிடும். சரளைக்கல் பாதை வந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும் வசதியும் இல்லை. கடினமான டயர் என்றால், மழையில் சாலை வண்ணக்கோடுகள் மேல் பிரேக்கை மெதுவாகத்தான் பிடிக்க வேண்டும்.

அதைவிடக் கவலைக்குரியது பின் சக்கரம். காற்று தாங்கியிருக்க வேண்டிய அதிர்ச்சியில் ஒரு பகுதி நேராக ரிம்முக்கும் ஸ்போக்குக்கும் போகிறது. தளர்ந்த ஸ்போக்தான் சீக்கிரம் உடையும், பெரும்பாலும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை ஒட்டிய வளைவில். அதனால் 32 அல்லது 36 ஸ்போக் உள்ள சக்கரமே நல்லது. முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகளில் எது மந்தமாக ஒலிக்கிறதோ அதை இறுக்கி, கோட்டம் எடுத்துவிடுங்கள். ஸ்போக் உடைந்தால், புதியதைப் பழைய நிப்பிளிலேயே (ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சிறு திருகு) திருகிவிடலாம். டயரைக் கழற்ற வேண்டாம். நிப்பிள் கெட்டால்தான் சிக்கல், டயரைக் கழற்றியே ஆக வேண்டும். முளைகள் அதில் சேதமாகலாம் என்பதால் பத்து உபரி முளைகள் பையில் இருக்கட்டும்.

நகருக்குள் தினசரி ஓட்டத்துக்கு இந்த டயர் தாராளமாகப் போதும். நெடும்பயணத்துக்கு எங்கள் தேர்வு 40 மி.மீ. டியூப்லெஸ் டயரும் (டியூப் இல்லாமல் காற்றை நேராகப் பிடித்து வைப்பது) உள்ளே சீலன்ட்டும் (ஓட்டையை அடைக்கும் திரவம்). சில மாதங்களில் சீலன்ட் காய்ந்துவிடும். கிளம்பும் முன் சக்கரத்தைக் கழற்றி, காதருகே குலுக்குங்கள். தளும்பும் சத்தம் கேட்காவிட்டால் வால்வைத் திறந்து ஊற்றிக்கொள்ளுங்கள்.