கூடார முளைகள்: பரதேசியின் நாட்குறிப்பு

மார்ச் 2

தெருவில் ‘பரதேசி’ என்றால் வசவு. வேதத்திலோ அது விசுவாசியின் முகவரி. கானான் தேசத்து ஏத்தின் புத்திரரிடம் தம்மை அந்நியன், பரதேசி என்று சொல்லித்தான் ஆபிரகாம் நிலம் கேட்டார். தேசம் முழுவதையும் வாக்குத்தத்தமாகப் பெற்றவர், 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கியது மனைவி சாராளை அடக்கம்பண்ண ஒரு நிலமும் அதிலிருந்த மக்பேலா குகையும்தான். அடக்கத்துக்கு நிலம் வாங்கினார். குடியிருக்கக் கூடாரமே போதும் என்றிருந்தார்.

1 பேதுரு 2:11-இல் இதே இரண்டு சொற்கள் சபைக்கு வருகின்றன. முதலில் நாம் யார் என்கிறார் பேதுரு. இச்சைகளை விட்டு விலகச் சொல்வது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் ‘செய்யாதே’ பட்டியல்தான் மிஞ்சும். போகும் ஊர் மறந்துபோகும்.

மார்ச் 4

உலகப்பற்று ஒரே நாளில் வருவதில்லை. ஆதியாகமத்தில் ஆபிரகாமின் சகோதரன் மகனான லோத்தின் வழியை வசனம் வசனமாகப் பார்க்க வேண்டும். 13:10-இல் கண்களை ஏறெடுத்து நீர்வளமான சமபூமியைப் பார்க்கிறார். 13:12-இல், பொல்லாப்புக்குப் பேர்போன பட்டணமான சோதோமுக்கு நேரே கூடாரம். 14:12-இல் சோதோமுக்குள் குடியிருப்பு. 19:1-இல் பட்டணத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். 19:16-இல் ஊர் அழியப்போகிறது என்று தெரிந்தும் தாமதிக்கிறார். தூதர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று.

தனித்தனியாகப் பார்த்தால் முதல் இரண்டு அடிகளிலும் குற்றம் சொல்ல இடமில்லை. மந்தைக்குத் தண்ணீர் வேண்டும்தானே? ஆனால் ஒவ்வொரு முறையும் முளை அடித்த இடம் சோதோமுக்குச் சற்று அருகே இருந்தது. இன்னொன்றும் உண்டு. ஆபிரகாம் கூடாரம் போட்ட பெத்தேலிலும் எபிரோனிலும் பலிபீடம் கட்டினார். லோத்து பலிபீடம் கட்டியதாக ஒரு வரிகூட இல்லை. இவரைத்தான் 2 பேதுரு 2:7 நீதிமான் என்கிறது. அதனால்தான் இந்தப் பகுதி இவ்வளவு பயமுறுத்துகிறது.

மார்ச் 5

தேமா. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் லூக்காவோடு உடன்வேலையாள். 2 தீமோத்தேயு 4:10-இல் இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் போனவர். இடையில் நடந்ததை வேதம் சொல்லவில்லை.

மார்ச் 8

சோதித்துப் பார்க்க ஒரு வழி. ஏழு நாள் செலவையும், கைபேசியில் போன நேரத்தையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 யோவான் 2:16-இன் மூன்றில் எது தூண்டியது என்று குறிக்க வேண்டும்: மாம்சத்தின் இச்சையா, கண்களின் இச்சையா, ஜீவனத்தின் பெருமையா. எதுவும் இல்லையென்றால் ‘தேவை’. அன்றன்றே எழுதாவிட்டால் பயனில்லை. வாரக்கடைசியில் நினைவிலிருந்து எழுதும்போது எல்லாமே தேவையாகிவிடும்.

‘பெருமை’ பகுதி காலியாகவே இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பொருளை வேறு யாரும் பார்க்கவே மாட்டார்கள் என்றாலும் வாங்கியிருப்போமா? இந்தக் கேள்வி பல வரிகளை இடம் மாற்றிவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

1 கொரிந்தியர் 16:2: வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கதாகத் தர்மப்பணம் எடுத்துவைத்தல். முதலில் எடுத்துவைப்பதில்தான் காரியம் இருக்கிறது. மீதியில் கொடுக்கலாம் என்று வைத்தால் மீதி இருக்காது.

மார்ச் 12

பரதேசியாக யாத்திரை போவது என்றால் பொறுப்பைக் கழற்றிப் போடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். வருத்தமான தவறு இது. பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா 29 சொல்வது: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். அதே அதிகாரம் 70 வருஷம் என்று கணக்கும் சொல்கிறது. கட்டிய வீட்டில் நன்றாக வாழலாம். அது சொந்த ஊர் அல்ல. தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது!

மார்ச் 15

எளிமைக்குள்ளும் உலகம் ஒளிந்திருக்கும். கொலோசெயர் 2:23 மாயமான தாழ்மையைச் சொல்கிறது. அடுத்தவர் வீட்டுப் பொருள்களை மனம் எண்ணத் தொடங்கினால், நம் கூடாரமே கண்காட்சியாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது செலவுக் கணக்கை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு உதவி செய்வது நல்லது.

நாளை முதல் ஆரோகண சங்கீதங்கள் (எருசலேமுக்கு ஏறிப்போகும் யாத்திரைப் பாடல்கள்), 120 முதல் 134 வரை, நாளுக்கு ஒன்றாகப் 15 நாள். மேசேக்கு, கேதார் என்னும் அந்நியரின் கூடாரங்களில் தங்கியது போதும் என்ற பெருமூச்சில் தொடங்கி, இராக்காலத்தில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்பவர்களிடம் போய்ச் சேர்கின்றன. முதல் நாளுக்கு ஏழே வசனங்கள். சத்தமாக இரண்டு முறை வாசிக்க வேண்டும்.