கவுன்டர் பொய் சொல்லவில்லை

"ராத்திரி முழுக்க மின்விசிறிச் சத்தம் குறையவே இல்லையே, சார்."

அவர் சொன்னது இவ்வளவுதான். என் பதில் அதைவிடச் சற்று நீளம். "சர்வர் மின்விசிறி எப்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கும், அம்மா. கவுன்டர் பொய் சொல்லாது."

காலை ஏழு மணி இருக்கும். ஆய்வக வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் இரவுப் பணி முடித்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், நான் அப்போதுதான் உள்ளே நுழைந்தேன். அவர் கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. என் கையில், சர்வருக்குள் ஆற்றலை எண்ணும் கவுன்டரிலிருந்து எடுத்த, முந்தைய இரவின் மின்நுகர்வு அட்டவணை இருந்தது, அதில் 19 வாட் என்று வரிசையாக எண்கள். பகலில் கடுமையாக உழைத்த இயந்திரம் இரவில் 19 வாட்டில் உறங்கியிருக்கிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னேன். அதற்குத்தான் அவர் மின்விசிறியைப் பற்றிச் சொன்னார்.

நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பிழையைச் சரிசெய்தாயிற்று, அதில் எனக்கு உறுத்தல் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலின் மின்மேலாண்மைக் கருவிகளில் வேலை செய்கிறவனுக்குப் பிழைகள் அன்றாடச் சோறு. உறுத்துவது வேறு.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினிக்கு மூளையான இன்டெல் செயலிகளில் 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் முதல் ரேப்பல் என்ற வசதி இருக்கிறது. செயலி தான் செலவிட்ட ஆற்றலைத் தானே கூட்டிக்கொண்டே போகும். கர்னல் அந்தக் கூட்டுத்தொகையை 'எனர்ஜி யூஜே' என்ற கோப்பில் மைக்ரோஜூல் கணக்கில் காட்டும். இரண்டு முறை படித்து, கழித்து, இடையிலான நொடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் உள்ளே இருக்கும் கவுன்டர் 32 பிட் அகலமுள்ளது. நிரம்பினால் பழைய மோட்டார் சைக்கிளின் கிலோமீட்டர் காட்டியைப் போல மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். எங்கள் இயந்திரங்களில் அது நிரம்பும் அளவு 2,62,143 ஜூல் சொச்சம். இதை எங்கும் தேடவேண்டியதில்லை. அதே அடைவில், பக்கத்துக் கோப்பிலேயே, 262143328850 என்று கர்னல் எழுதி வைத்திருக்கிறது. நான் அந்தக் கோப்பைப் படித்திருக்கிறேன். படித்து, இந்தக் கணக்கைப் போட நான் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலில் பயன்படுத்தியும் இருக்கிறேன். கழித்தல் விடை எதிர்மறையாக வந்தால் இந்த எண்ணைக் கூட்டு என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, எத்தனையோ பேர் மறந்துவிடும் வரி அது.

அந்த வரிதான் பிழையை மூடி மறைத்தது. கவுன்டர் ஒரு சுற்று முடித்து, தொடங்கிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டால் விடை எதிர்மறையாக வராது. சாதுவான, சிறிய, நம்பத் தகுந்த எண்ணாக வரும். 165 வாட்டில் 1800 நொடிகள் ஓடினால் 2,97,000 ஜூல். அதில் ஒரு சுற்றுப் போனால் மிச்சம் 34,857. 1800-ஆல் வகுத்தால் 19 வாட் சொச்சம். எங்கள் இயந்திரத்தின் செயலி வேலையில்லாமல் சும்மா கிடந்தால் ஏறத்தாழ அந்த அளவுதான் காட்டும். நான் அந்த வரியை எழுதாமல் சோம்பேறியாக விட்டிருந்தால் அட்டவணையில் அங்கங்கே எதிர்மறை வாட் வந்திருக்கும். மின்சாரத்தைத் திருப்பித் தரும் செயலியை யாரும் நம்பமாட்டார்கள், முதல் நாளே அகப்பட்டிருக்கும்.

ஏன் 1800 நொடி என்று கேட்கலாம். தொடக்கத்தில் பத்து நொடிக்கு ஒருமுறைதான் படித்தோம், சுற்று முடிய வாய்ப்பே இல்லை. 2020 நவம்பரில் பிளாட்டிபஸ் என்ற தாக்குதல் முறை வெளியானது. ஆற்றல் கவுன்டரின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்தே ரகசியச் சாவிகளைக் கறந்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடனே கர்னல் அந்தக் கோப்பை ரூட் எனப்படும் முழு அதிகாரப் பயனர் மட்டுமே படிக்கலாம் என்று பூட்டியது. எங்களில் யாருக்கும் அந்தச் சர்வர்களில் ரூட் அனுமதி கிடையாது. எனவே ஸ்கிரிப்ட் ஆய்வக நிர்வாகியின் கிரான் பட்டியலுக்கு, அதாவது குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளின் பட்டியலுக்குப் போனது. ஏற்கெனவே அரைமணிக்கு ஒருமுறை ஓடும் வேறு வேலைகளோடு அதையும் சேர்த்துவிடுகிறேன் என்றார் அவர். நானும் சரி என்றேன். பாதுகாப்புக்காகச் செய்த ஒரு நல்ல காரியம் வேறோர் இடத்தில் போய் இப்படி முளைத்தது. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த 'சரி'யைச் சொன்னவன் நான். சொல்லும்போது 1800-ஐயும் பக்கத்துக் கோப்பில் இருக்கும் எண்ணையும் மனதில் ஒருமுறை சேர்த்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

இரவுப் பணி முடித்த அந்த அம்மா மின்விசிறியைப் பற்றிச் சொன்ன அன்று காலை நான் ஏன் கேட்கவில்லை? இதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மின்விசிறியின் சத்தம் ஒரு சான்றே அல்ல. விசிறியின் வேகத்தை முடிவு செய்வது தாய்ப்பலகையில் இருக்கும் வேறொரு கட்டுப்பாட்டுச் சில்லு. அறை வெப்பம், நினைவகத்தின் சூடு, வட்டுகளின் சூடு எல்லாம் அதில் சேரும். ஒருவர் காதில் விழுந்த ஓசையை வைத்து ஓர் அளவீட்டைத் தூக்கிப்போட முடியுமா? பொறியியலில் இது நியாயமான கேள்வி. இன்று யார் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அன்று இந்த வாதம் எதுவும் என் மனதில் ஓடவில்லை என்பதுதான் உண்மை. இவை எல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்டவை. அன்று மனதில் இருந்தது 19 என்ற எண், அதை முந்தைய வாரம் மேலிடத்தில் காட்டியபோது கிடைத்த பாராட்டு. இன்னொன்றும் இருந்தது, அதை எழுதக் கை தயங்குகிறது. அவர் ஒப்பந்தப் பணியாளர். டிப்ளமா படித்தவர். சர்வர்களைப் பொருத்துவதும் கேபிள் மாற்றுவதும் இரவில் விளக்குகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. அதே வார்த்தைகளை என் குழுவில் இருந்த ஒருவர் சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் "எந்த வரிசை?" என்றாவது திருப்பிக் கேட்டிருப்பேன்.

கவுன்டர் பொய் சொல்லாது என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்! சாண்டி பிரிட்ஜ் காலத்தில் அந்த எண் அளவீடுகூட அல்ல, செயலிக்குள் நடக்கும் நிகழ்வுகளை எண்ணிப்போடும் மதிப்பீடு. பின்னால் வந்த ஹாஸ்வெல் செயலித் தலைமுறையில்தான் உண்மையான அளவீட்டுக்கு வந்தது. அதைப் பற்றி வகுப்பே எடுத்தவன் நான். இதில் வேடிக்கை, அன்று கவுன்டர் உண்மையாகவே பொய் சொல்லவில்லை. அது தன் வேலையைச் செய்து, சுற்றி, மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது. கழித்தது என் ஸ்கிரிப்ட்.

மூன்று வாரம் கழித்து ஓர் அறிக்கைக்காக அட்டவணையை மறுபடி பார்த்தபோது ஒரு வரியில் 4 வாட் என்று இருந்தது. அந்த அளவுள்ள செயலி, எந்த உறக்க நிலைக்குப் போனாலும், 4 வாட்டில் நிற்காது. 4 வாட் என்பது படுக்கையறை விளக்கு. ஒரு தாளை எடுத்துப் போட்டேன்: 150 வாட், 1800 நொடி, 2,70,000 ஜூல், ஒரு சுற்றுக் கழித்தால் 7,857. நாலே கால் வாட்டுக்கு மேல். கணக்கு முடிவதற்கு முன்பே காதில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அந்த வரி மூன்று வாரமாக அங்கேயே இருந்தது. ஆய்வக வாசலில் என் கையில் இருந்த அதே தாளில் இருந்தது.

திருத்தம் எளிது. இடையில் நிமிடத்துக்கு ஒருமுறை கவுன்டரைப் படித்து 64 பிட் மாறியில் கூட்டிக்கொண்டே வரவேண்டும், கேட்கும்போது கூட்டுத்தொகையைத் தரவேண்டும். கர்னலோடு வரும், இதே கவுன்டரைப் படிக்கும் டர்போஸ்டாட் கருவியே நீண்ட இடைவெளிகளில் இதே குறையோடு இருந்து பிறகு ஏறத்தாழ இப்படித்தான் சரிசெய்யப்பட்டது. அதை அறிந்தபோது ஓர் அற்ப ஆறுதல் கிடைத்தது, பெரியவர்களும் தடுக்கிய கல் என்று.

திருத்தத்துக்கான பேட்ச் எழுதி முடித்து, அதைக் கமிட்டாக, அதாவது நிரலின் வரலாற்றில் ஒரு பதிவாகச் சேர்ப்பதற்கான விளக்கம் எழுத உட்கார்ந்தேன். உள்ளுக்குள் ஓடும் கருவியானாலும் கர்னலின் வழக்கத்தையே நாங்கள் பின்பற்றுவோம். எந்த கமிட்டில் பிழை நுழைந்தது என்பதற்கு ஒரு வரி, எழுதியவர் பொறுப்பேற்கும் சைன்டு-ஆஃப்-பை வரி, பிழையைக் கண்டு சொன்னவருக்கு ரிப்போர்ட்டட்-பை வரி. கடைசியாகச் சொன்னதைக் கர்னல் ஆவணம் வெளிப்படையாகவே விளக்குகிறது: பிழையைக் கண்டவர்களுக்கு உரிய பெயரைத் தருவதற்கும், அவர்கள் மறுபடியும் உதவ ஊக்கம் பெறுவதற்கும்.

அந்த வரியை நான் எழுதவில்லை. "நீண்ட இடைவெளிப் பதிவுகளை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டது" என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதியிருந்தாலும் 'கண்டறியப்பட்டது' என்றுதான் எழுதியிருப்பேன். செயப்பாட்டு வினைக்கு இந்த வசதி உண்டு, செய்தவரைச் சொல்லாமலேயே வாக்கியத்தை முடித்துவிடலாம்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள்: அவர் பிழை என்று சொல்லவில்லை, சத்தம் என்று சொன்னார். ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிழையைக் கண்டது அந்த 4 வாட் வரி, அதைப் பார்த்தது நான். அதே ஆவணத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. தனிப்பட்ட முறையில் சொல்லப்பட்ட பிழையானால், சொன்னவரின் அனுமதியைப் பெற்ற பிறகே பெயரைப் போடவேண்டும். அவர் வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார், நான் அனுமதி கேட்கவில்லை, எனவே போடாததே விதிப்படி சரி. இப்படி ஒரு விதி கைக்குக் கிடைத்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அனுமதி கேட்பதற்கு ஆய்வகம் இரண்டு மாடி கீழே இருந்தது.

இதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். மறு வருடம் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மின்சிக்கனத்துக்கான 'பவர்சேவ்' முறையில் வைத்த பிறகும் தன் இயந்திரத்தின் விசிறி இரைகிறது, மின்மேலாண்மை வேலை செய்யவில்லை என்று வந்தார். செயலியின் வேகத்தை ஆளும் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரில் 'பவர்சேவ்' என்பது பெயரளவில்தான் பழையது, செயலியை அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போடாது, வேலை வந்தால் வேகத்தை உயர்த்தும் என்று இரண்டு நிமிடத்தில் விளக்கி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. சத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் பதறிப்போய், இரண்டு நாள் உட்கார்ந்து செயலியின் வேக நிலையைக் காட்டும் சிபியுபவர் கருவியின் ஒவ்வொரு வெளியீட்டையும் சரிபார்த்தேன். கடைசியில் விசிறியில் தூசி. மனிதரின் காதை நம்பு என்று பாடம் படித்துக்கொண்டவனுக்கு இரண்டு நாள் போனதுதான் மிச்சம். எப்போது நம்புவது, எப்போது விடுவது என்பதற்கு என்னிடம் இன்றும் அளவுகோல் இல்லை.

அறிக்கையைத் திருத்தினேன், அதை மட்டும் உடனே செய்தேன். "திருத்தப்பட்ட பதிப்பு" என்று தலைப்பிட்டு, 19 இருந்த இடங்களில் 165 வைத்து அனுப்பினேன். பாராட்டியவர்கள் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் பதிப்பை யாரும் திறந்து பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

பதிவேற்றிய கமிட்டில் இனிப் பெயரைச் சேர்க்க முடியாது, சேர்த்தால் அதன் அடையாள எண்ணே மாறிவிடும், அதற்குப் பின் வந்த எல்லாமும் மாறிவிடும் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை தெரியும். கமிட்டைத் தொடாமலேயே அதன்மேல் ஒரு குறிப்பை ஒட்டிவைக்கும் வசதி கிட்டில் இருக்கிறது, நானே வேறு காரியங்களுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இந்தக் கமிட்டில் இன்றுவரை எந்தக் குறிப்பும் இல்லை. அவருடைய ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார், அவருடைய எண் என் கைபேசியில் இருக்கிறது.

திருத்தம் ஓடத் தொடங்கிய முதல் காலை, ஆய்வகக் குழுவில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. இரவு அட்டவணையின் படம், அதன் கீழே ஒரு வரி: "இப்போது எண்ணும் சத்தமும் ஒத்துப்போகின்றன, சார்." என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.