வாய்தா யாருக்கு வேணும்?

"வாய்தா யாருக்கு வேணும் சாரே? எனக்கு வேண்டாமே."

2014ல், நான் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது, கோர்ட் வராந்தாவில் எங்கள் கட்சிக்காரர் கேட்டது. "உங்க நல்லதுக்குத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வாய்தா மனுவைக் கொடுத்தேன். வழக்கு முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இந்த ரெண்டு வரி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வழித்தகராறு, கைகலப்பு, வெட்டுக் கத்தியால் கீறினார் என்று இந்திய தண்டனைச் சட்டம் 324வது பிரிவில் வழக்கு. மழை நாளில் வெட்டு கிடையாது, வெட்டு உள்ள நாளில் பார்த்து வாய்தா வரும். அன்றைக்கும் இருட்டோடு வெட்டிவிட்டு, பால் எடுக்கிற வேலையை மனைவியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். விரல் இடுக்கில் காய்ந்திருந்த பாலை உரித்து உருட்டிக்கொண்டேதான் பேசினார். அரசுத் தரப்பு சாட்சியான டீக்கடைக்காரரின் முதல் விசாரணை காலையிலேயே முடிந்திருந்தது. ரெண்டு பேரும் மல்லுக்கட்டியதைப் பார்த்தேன் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். "கத்தி கையில இருந்துதான்னு மட்டும் கேளுங்க. இல்லன்னு சொல்லுவாரு. பொய் சொல்லுத ஆளு இல்ல."

சீனியர் வேறு கோர்ட்டில் கொலை வழக்கில் இருந்தார். அவகாசம் வாங்கிவிடு என்று போனில் சொன்னார். வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்று அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 309லேயே இருந்தது, 2008 திருத்தத்தில் சேர்த்தது, இப்போதைய புதிய சட்டத்தின் 346லும் அப்படியே வருகிறது. அதனால் அதை எழுத முடியாது. 'எதிரி தரப்பு குறுக்கு விசாரணைக்குத் தயாராக இல்லை' என்று எழுதினேன். எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர், அவர் வெளியே தயாராக நின்றுகொண்டிருந்தார்.

விரைவான விசாரணை அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1979ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் சொன்னதைப் படித்துத்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தவர்களின் வழக்கு அது. உரிமையைப் பறிப்பது போலீஸும் அரசும்தான் என்றே மனதில் பதிந்திருந்தது. அதே உரிமை பற்றிய 1991 அந்துலே தீர்ப்பில் தாமதம் யாரால் ஆனது என்றும் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த வழக்குக் கட்டில் அன்றைய தாமதம் அவருடையது. என் கையெழுத்தில்.

பத்து மாதத்தில் டீக்கடைக்காரர் இறந்துவிட்டார். சாட்சியை மறுபடி அழைக்க 311வது பிரிவில் மனுப் போட்டுக் கூப்பிட ஆள் இல்லை.

சீனியர் கணக்கு தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. 2019ல் புகார்தாரரே கூண்டில் ஏறி, நினைவில்லை, இருட்டாக இருந்தது என்றார், விடுதலை. அன்றே கேட்டிருந்து, டீக்கடைக்காரர் "ஆமா, கத்தி இருந்தது" என்று சொல்லியிருந்தால்? மூணு வருஷம் வரை போகக்கூடிய பிரிவு. சாட்சி என்ன சொல்வார் என்று கட்சிக்காரர் சொல்வதை நம்பிக் குறுக்கு விசாரணை செய்யக்கூடாது என்பது எல்லா ஜூனியருக்கும் சொல்லித் தருவதுதான். இழுத்தது அவரைக் காப்பாற்றியது. இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன்.

ஆனால் தீர்ப்பு நகலை வாங்கியதும் அவர் கேட்டது வேறு. "கத்தி இல்லன்னு எழுதியிருக்கா சாரே?" சந்தேகத்தின் பலன் என்றுதான் இருக்கிறது, அர்த்தம் அதுதான் என்றேன். ஊரில் எட்டு வருஷமாகக் கத்தி எடுத்தவன் என்று பேர், அதை மாற்ற டீக்கடைக்காரர் வாயால் ஒரு வார்த்தை வரவேண்டும் என்றுதான் அவர் அந்த வராந்தாவில் நின்றிருக்கிறார். நான் தண்டனையை மட்டும்தான் பார்த்தேன்.

ஜூனியர் என்ன செய்ய முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்தக் கட்டை அப்புறம் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். வக்காலத்தில் சீனியர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. எழுந்து அந்த ஒரு கேள்வியை நானே கேட்டிருக்கலாம்.