தென்னைக்கு அப்பால் அடிக்கும் காற்று

மதுரையில் எங்கள் குடும்பத் தொழில் லாரித் தார்ப்பாய் தைப்பது. 11 வருடம் முன்பு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிழிந்த படகுப் பாய் ஒன்று கடைக்கு வந்தது. மொடமொடவென்ற பாலியெஸ்டர் துணி. நேர்த்தையல் போட்டால் இழுவையில் நூல் அறுந்துவிடும். ஜிக்ஜாக்தான் கொடுத்து வாங்கும். அந்தத் துணி எனக்குப் பிடித்துப்போனது. அப்புறம் சனி ஞாயிறுகளில் அங்கேயே போய், படகு ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்குப் பாய் கட்டிக் கொடுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

பார்த்தால் தட்டைத் துணி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஓரங்களில் வளைவு வைத்து வெட்டி, வயிறு விழும்படி தைத்திருப்பார்கள். அந்த வயிற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் கயிறுகளின் வேலை. அங்கே அதிகம் இருந்தது லேசர் படகு. நீளம் 4.2 மீட்டர், ஒற்றை ஆள் ஓட்டுவது. பாய்மரத்தைத் தாங்க கம்பி எதுவும் கிடையாது. பாயின் கீழ் ஓரத்தில் நீளும் கட்டைக்குப் பூம் என்று பேர். பாயின் பின் மூலையைப் பூமின் நுனிக்கு இழுக்கும் கயிறு அவுட்ஹால். அதை இழுத்தால் பாயின் அடிப்பக்கம் தட்டையாகும். பாயின் முன் ஓரத்தைக் கீழே இழுக்கும் கயிறு கன்னிங்ஹாம். அதை இழுத்தால் வயிறு மரத்தை நோக்கி முன்னால் நகரும். பூமை மரத்தின் அடியோடு கட்டி இழுக்கும் கயிறு கிக்கர். அதை இறுக்கினால் பூம் கீழே இறங்கி, மரம் வளைந்து, மொத்தப் பாயும் தட்டையாகும்.

மிதமான காற்றுக்கு வயிறு நிறைய வேண்டும். பூமுக்கும் பாய்க்கும் நடுவே முக்கால் சாண் இடைவெளி விடுவேன். பலத்த காற்றுக்கு நாலு விரற்கடை போதும். காற்றே இல்லாத மாதிரி இருக்கும்போது இன்னும் தொளதொளப்பாக விட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பு. அவ்வளவு மெல்லிய காற்றால் ஆழமான வளைவை ஒட்டிக்கொண்டு போக முடியாது, பாதியிலேயே பிரிந்துவிடும். அப்போதும் கொஞ்சம் தட்டையாக்கத்தான் வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஓர் ஆடி மாதம் பிழை செய்தேன்.

உச்சிப்புளிக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாக் கரை அது. ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அலை இருக்காது. தண்ணீர் தெப்பக்குளம் மாதிரி கிடக்கும். கரையில் வரிசையாகத் தென்னைகள். அவற்றின் மறைவில் நின்று பாய் கட்டினேன். முகத்தில் பட்டது இதமான காற்று. அதற்கேற்ப முழு வயிறு வைத்து, 15 வயதுப் பெண் ஒருத்தியை அனுப்பினேன்.

போகும்போது காற்று முதுகுக்குப் பின்னால். படகு சந்தோஷமாக ஓடியது. அரை கிலோமீட்டர் தாண்டித் திரும்பினாள். அங்கே காற்றின் வேகம் 15 நாட்டுக்கு (கடல்மைல் கணக்கு) மேல், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல். இப்போது அது எதிர்க்காற்று. அவள் எடைக்கு அந்த வயிற்றை அடக்க முடியவில்லை. மூன்று முறை கவிழ்ந்தாள். ஒவ்வொரு முறை நிமிர்த்துவதற்குள் காற்று படகை இன்னும் உள்ளே தள்ளியது. பாதுகாப்புப் படகு போய் இழுத்து வந்தது. அவள் உதடு நடுங்கியதை நான் மறக்கவில்லை.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். “தம்பி, தென்னைக்குள்ள நின்னு காத்தைப் பாக்காதிய. அந்தா, தண்ணி கருத்து ஓடுது பாருங்க, அதுதான் காத்து” என்றார். பார்த்தேன். கரையோரம் வெளிறிய தண்ணீர். அதற்கு அப்பால் கருநீலமாக, சிலிர்த்துக்கொண்டு ஒரு பட்டை. காலையிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அன்று மாலையே எல்லா பூமிலும் மார்க்கரால் கோடு போட்டேன்: மிதமான காற்றுக்கு ஒன்று, பலத்த காற்றுக்கு ஒன்று. கச்சான் காலத்தில், திரும்பி வரும் வழிக்குத்தான் பாய் கட்டுகிறேன். கன்னிங்ஹாமை, அது கோத்திருக்கும் பாயின் ஓட்டை பூமைத் தொடும்வரை இழுக்கப் பழக்குகிறேன். மெலிந்த பிள்ளைகளுக்கு 7 சதுர மீட்டர் பாயைக் கழற்றிவிட்டு, 4.7 சதுர மீட்டர் பாயை மாட்டுகிறேன். படகு அதேதான், மரத்தின் கீழ்த்துண்டு மட்டும் மாறும். வேகம் குறைகிறதே என்று பிள்ளைகள் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தப் பெண் மறுவாரமே வந்தாள். பாய் கட்டும் இடத்துக்கு வராமல், நேராகத் தென்னை வரிசையைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கருத்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி, “அண்ணா, இன்னிக்கு ரெண்டாவது கோடு” என்றாள்.