டின் மசல் சிப்பியில் ஒரு போர்த்துகீசியப் பாஸ்தா

கடலுணவுப் பாஸ்தா என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது இத்தாலிய முறைதான்: பாஸ்தாவை உப்புநீரில் தனியே வேகவைத்து, வடித்து, பிறகு சாஸில் புரட்டி எடுப்பது. போர்த்துகலின் கடலோர ஊர்களில் ‘மசாடா’ என்ற பெயரில் சமைக்கப்படுவது வேறு வகை. அதில் பாஸ்தா கடலுணவுச் சாற்றிலேயே வேகிறது. அது விடும் மாவுச்சத்தால் சாறு கெட்டியாகி, கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பதத்தில் அடுப்பை விட்டு இறங்குகிறது. எனக்கு இந்த முறைதான் பிடித்தம். டின்னில் வரும் மசல் சிப்பிக்கு இதைவிடப் பொருத்தமான சமையலை நான் அறியேன்.

போர்த்துகீசியர்கள் டின் மீனை அவசரத்துக்கு எடுக்கும் பண்டமாக நினைப்பதில்லை. தெற்கே வில்லா ரியல் டி சாண்டோ அன்டோனியோவில் 1853இல் தொடங்கிய ராமிரெஸ் என்ற டின் மீன் நிறுவனம் இன்றும் இயங்குகிறது. லிஸ்பனில் 1930 முதல் டின் மீன்களை விற்பதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. மசல் சிப்பியைப் பெரும்பாலும் ‘எஷ்கபேஷ்’ முறையில் அடைக்கிறார்கள். ஆவியில் வேகவைத்து ஓட்டிலிருந்து எடுத்த சதையை எண்ணெயில் பொரித்து, ஆலிவ் எண்ணெய், வினிகர், பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி), லாரல் இலை (ஆங்கிலத்தில் ‘பே லீஃப்’) சேர்ந்த சாற்றில் ஊறவிட்டு மூடுவது வழக்கம். ஆகவே டின்னைத் திறந்ததும் தெரியும் அந்தச் செம்மஞ்சள் எண்ணெயை வடித்துக் கொட்டிவிடாதீர்கள். இந்தச் சமையலின் பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது.

இருவருக்கு 200 கிராம் மக்ரோனியும் ஏறத்தாழ 115 கிராம் எடையுள்ள ஒரு டின்னும் போதும். பத்துப் பன்னிரண்டு இறால் கிடைத்தால் மிகவும் நல்லது; தலையையும் ஓட்டையும் சிறிது எண்ணெயில் சிவக்க வதக்கி, முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது ‘ரெஃபுகாது’ எனப்படும் வதக்கல். போர்த்துகீசியக் குழம்புகளில் பலவற்றுக்கும் அடித்தளம் இதுவே என்பதால் இங்கே அவசரம் கூடாது. மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயத்தை, ஒரு லாரல் இலையுடன், நிறம் மாறாமல் கண்ணாடி போல் ஆகும்வரை சிறுதீயில் வதக்க வேண்டும். (நம் பிரிஞ்சி இலைக்குப் பட்டையின் மணம் இருப்பதால் இங்கே அது சரிவராது, லாரல் கிடைக்காவிட்டால் இலையே இல்லாமல் சமைக்கலாம்.) பிறகு மூன்று பல் பூண்டு, இரண்டு பழுத்த தக்காளி, ஒரு தேக்கரண்டி பாப்ரிகா. தக்காளி கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது, டின் சாற்றில் பாதியைச் சேர்த்து வினிகரின் காட்டம் அடங்கும்வரை கொதிக்கவிடுங்கள். வழக்கமாக ஊற்றும் வெள்ளை ஒயினை நான் இதில் அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொள்கிறேன். வினிகரே போதிய புளிப்பைத் தந்துவிடுகிறது.

வடித்த இறால் சாற்றை ஊற்றி, கொதி வந்ததும் பாஸ்தாவைப் போட்டு, அடிபிடிக்காமல் அவ்வப்போது கிளறுங்கள். சாறு வற்றினால் கொதிநீர் சேர்க்கலாம். பாஸ்தா முக்கால் பதம் வெந்ததும் இறாலைப் போட்டால் இரண்டும் ஒன்றாக முடியும். உப்பை இந்தக் கட்டத்தில் ருசி பார்த்த பிறகே போட வேண்டும், ஏனெனில் டின் சாற்றில் ஏற்கெனவே உப்பு உண்டு.

மசல் சிப்பியைச் சேர்ப்பது அடுப்பை அணைத்த பிறகுதான். டின்னில் அடைக்கும் முன்பு ஒரு முறையும் அடைத்தபின் கிருமிநீக்கத்துக்காக மீண்டும் ஒரு முறையும் வெந்துவிட்ட சதை அது. மறுபடி கொதித்தால் ரப்பர் போல் இறுகிவிடும். சிப்பியையும் மீதிச் சாற்றையும் மேலே பரப்பி, மூடி, இரண்டு நிமிடம் விட்டால் அந்தச் சூடே போதும். ஐரோப்பியச் சமையல்களில் கொத்தமல்லித்தழையைப் போர்த்துகீசியர்களைப் போல் தாராளமாகப் பயன்படுத்துவோர் அரிது என்பதால், ஒரு கைப்பிடி தழையைக் காம்போடு நறுக்கித் தயங்காமல் தூவுங்கள். காரம் வேண்டுவோர் பிரி-பிரி எனப்படும் மிளகாய் எண்ணெயைத் தட்டில் சில துளிகள் விட்டுக்கொள்ளலாம். சீஸ் வேண்டாம், அது சிப்பியின் கடல்மணத்தை மூடிவிடும். பரிமாறத் தாமதமானால் பாஸ்தா சாற்றை உறிஞ்சிக் கட்டியாகிவிடும் என்பதால், உண்பவர்கள் வந்து அமர்ந்த பிறகே பாஸ்தாவைப் பானையில் போடுவது நல்லது.