சென் பொனிபாஸின் கிழமைப் பேப்பர்

கனடாவின் வினிப்பெக்கில் எங்களுக்கு வீடு கிடைத்தது றெட் ஆற்றின் கிழக்குக் கரையில், சென் பொனிபாஸில். மகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவளோடு நானும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். கைகொடுத்தது ‘லா லிபெர்த்தே’ என்ற வாரப் பத்திரிகை. அதில் சிறுவர்களுக்கு வரும் பிகொலோ பக்கத்தை இருவரும் சேர்ந்தே வாசிப்போம்.

அந்தப் பேப்பரின் பழைய கதையைத் தேடிப் படித்த பிறகுதான் நான் குடியிருக்கும் ஊர் எது என்று புரிந்தது. 1890இல் எங்கள் மாகாணமான மனிற்றோபாவின் அரசு பிரெஞ்சு மொழிக்கு இருந்த ஆட்சிமொழித் தகுதியைப் பறித்தது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான அரச பணமும் அதோடு நின்றது. அப்போது இங்கே ‘லெ மனிற்றோபா’ என்று ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை இருந்தது. ஆனால் அது கொன்சவேற்றிவ் கட்சியின் பக்கம் நின்றது. எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத பத்திரிகை வேண்டும் என்று பேராயர் அதெலார் லான்ஜவன் நினைத்தார். 1913 மே மாதம் ‘லா லிபெர்த்தே’ வெளிவந்தது.

பேராயர் அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர். பத்திரிகையை நடத்தியதும் அந்தச் சபைதான். இதை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. யாழ்ப்பாணத்தில் 1876 முதல் ‘சத்தியவேத பாதுகாவலன்’ வருவதும் இதே சபையின் முயற்சியால் அல்லவா? 1845இல் றெட் ஆற்றங்கரைக்கு வந்தவர்கள், 1847இல் இலங்கைக்கும் வந்திருக்கிறார்கள். கோயில் வாசலில் அப்பா வாங்கி வரும் அந்தத் தாளுக்கு, இந்தக் குளிர்நாட்டில் இப்படி ஒரு உறவு இருக்கும் என்று யார் கண்டது!

1916இல் பெரிய அடி விழுந்தது. பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் படிப்பிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இன்ஸ்பெக்டர் வரும்போது பிள்ளைகள் பிரெஞ்சுப் புத்தகங்களை ஒளித்துவைப்பார்களாம். பிரெஞ்சு மக்கள் தாங்களே ஒரு கல்விச் சங்கம் அமைத்து, 1923 முதல் ஆண்டுதோறும் பிரெஞ்சுத் தேர்வு வைத்தார்கள். பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர்களை இந்தப் பேப்பர் அச்சிட்டது. அரசு தடுத்த மொழியில் தன் மகளின் பெயரை அச்சில் பார்த்த ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்! எங்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அல்பேர்ட்டா பல்கலைக்கழகம் பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது கோயில் பங்குகளிலிருந்து வரும் செய்திகள். லா புரோக்ரி, சென் பியேர் என்று ஊர் ஊராகக் கடிதம் வரும்: யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் இறந்தார், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள். அரசியல் தலையங்கங்களைவிட இவைதான் அந்தச் சிதறிய ஊர்களை ஒன்றாக வைத்திருந்தன என்று நம்புகிறேன். குருமாரின் கண்டிப்பும் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. அதில் எனக்கு ஒட்டாதது நிறைய. ஆனாலும் நட்டத்தைத் தாங்கி, அச்சு யந்திரத்தை ஓடவிட்டவர்களும் அவர்கள்தான்.

1941இல் பக்கத்து மாகாணமான சஸ்கச்சுவானின் ‘லெ பத்ரியோத்’ பத்திரிகை இதோடு சேர்ந்தது. முப்பது வருடம் இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டார்கள். பிறகு சபை ஒதுங்கிக்கொண்டது. 1971இல் பிரெஞ்சு மக்களின் சங்கத்துக்குப் பத்திரிகை கைமாறி, பழைய பெயருக்குத் திரும்பியது. திருச்சபை தன் சொத்தை மக்களிடம் விட்டுக்கொடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். எட்டு ஆண்டுகளில் நல்ல காலமும் வந்தது: ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பார்க்கிங் தண்டத்தை எதிர்த்து இந்த ஊர்க்காரர் ஜோர்ஜ் ஃபோறே போட்ட வழக்கில், பிரெஞ்சின் ஆட்சிமொழித் தகுதியைப் பறித்த 1890ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று 1979இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்று சென் பொனிபாஸில் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த பிரெஞ்சு பேசும் குடும்பங்களும் நிறைய. அவர்களின் செய்திகளும் பேப்பரில் வருகின்றன. புதிதாக இங்கே குடிவரும் தமிழர்களிடம் நான் சொல்வது, முதல் வருடமே சந்தா கட்டிவிடுங்கள் என்றுதான்.