ஐஸ் பாருக்குள் எத்தனை ஏற்பாடுகள்?

நாகப்பட்டினத்தில் இளங்கலை மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்ட்ரோபி என்றால் என்ன என்று கேட்டதும் 'ஒழுங்கின்மை' என்ற விடை வந்துவிடும். அதை எண்ணாகத் தாருங்கள் என்றால் வகுப்பே அமைதியாகிவிடும். துகள்களின் ஏற்பாடுகளை எண்ணிப் பழகிய பிறகே அந்த விளக்கத்தைத் தொட வேண்டும் என்பது என் கருத்து.

போல்ட்ஸ்மான் காட்டிய வழி எளியது. வெளிப்பார்வைக்கு ஒரே நிலையில் இருக்கும் பொருளுக்குள் துகள்கள் எத்தனை வகையாக அமையலாம் என்று எண்ணி, அந்த எண்ணின் இயல் மடக்கையை 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின் என்ற மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி கிடைத்துவிடும். இரு பொருள்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஏற்பாடுகள் ஒன்றோடொன்று பெருகுகின்றன, என்ட்ரோபியோ கூடுகிறது. மடக்கை உள்ளே வந்தது அதனால்தான். ஒரு மோல் நல்லியல்பு வாயு வெற்றிடத்துக்குள் விரிந்து கன அளவு இரட்டித்தால், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இடம் இருமடங்காகிறது, ஒரு மோலுக்கான மாறிலியான 8.314-ஐ 2-இன் இயல் மடக்கையால் பெருக்க, என்ட்ரோபி உயர்வு 5.76 ஜூல்/கெல்வின். இது எல்லாப் பாடநூல்களிலும் உள்ள கணக்கு.

எனக்குப் பிடித்தது பனிக்கட்டியின் கணக்கு. துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்காக உடைத்துப் போடும் ஐஸ் பாரில் ஒவ்வோர் ஆக்சிஜனையும் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்துள்ளன. அண்டை ஆக்சிஜன்கள் இரண்டுக்கு இடையே ஒரே ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அதுவும் நட்டநடுவில் நில்லாமல் ஏதேனும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் இரண்டு ஹைட்ரஜன்கள் அருகிலும் இரண்டு தள்ளியும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1935-இல் லைனஸ் பாலிங் இதை எண்ணினார். மூலக்கூறுக்கு இரண்டு பிணைப்புகள் வீதம் இருப்பதால், நிபந்தனையைக் கருதாவிட்டால் தலைக்கு 4 வாய்ப்புகள். ஆனால் ஓர் ஆக்சிஜனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள் அமையக்கூடிய 16 வகைகளில் 6 மட்டுமே நிபந்தனைக்குப் பொருந்துகின்றன. 4-ஐ 6/16-ஆல் பெருக்க, மூலக்கூறுக்கு ஒன்றரை ஏற்பாடு. 'ஒன்றரையா சார்?' என்று மாணவர்கள் சிரிப்பார்கள். மொத்த எண்ணிக்கையைத் தலைக்குப் பங்கிட்டால் வரும் எண் முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை.

1.5-இன் இயல் மடக்கையை 8.314-ஆல் பெருக்கினால் மோலுக்கு 3.37 ஜூல்/கெல்வின், 50 கிலோ ஐஸ் பார் ஒன்றில் ஏறத்தாழ 2,775 மோல் இருப்பதால், மொத்தம் 9,350 ஜூல்/கெல்வினை ஒட்டி வரும். சாதாரணப் பனிக்கட்டியை மேலும் குளிர்விக்கும்போது ஹைட்ரஜன்கள் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுவதால், இந்தப் பங்கு நீங்குவதில்லை. 1936-இல் ஜியாக்கும் ஸ்டவுட்டும் 15 கெல்வின் தொடங்கிப் பனிக்கட்டியின் வெப்ப ஏற்புத்திறனை அளந்தார்கள். நீங்காத அந்தப் பங்கு இந்த அளவீட்டில் சேராது என்பதால், அதன்வழி கிடைத்த என்ட்ரோபி, நீராவியின் நிறமாலையிலிருந்து கணித்த மதிப்பைவிட மோலுக்குச் சுமார் 3.4 ஜூல்/கெல்வின் குறைந்திருந்தது. தாளில் எண்ணியதும் ஆய்வகத்தில் அளந்ததும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதை மாணவர்கள் ஒருமுறையாவது தாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

பாலிங்கின் எண் தோராயமானதே. பிணைப்புகள் வளையங்களாக மூடிக்கொள்வதால், ஓர் ஆக்சிஜனின் நிபந்தனை மற்றவற்றிலிருந்து முற்றிலும் தனித்து நிற்பதில்லை. அதையும் சேர்த்து 1966-இல் ஜான் நேகில் கணித்தபோது 1.5 என்பது 1.50685 ஆயிற்று; 3.37 என்பது 3.41 ஆயிற்று. தேர்வுத்தாளுக்கு 1.5 போதும்.